சீதை வேஷம் கட்டிய சிறுவன்

திண்டுக்கல் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூட்டு. அதற்கு அடுத்தபடி புகையிலை. அதற்கும் அடுத்தபடி சிறுமலை வாழைப்பழம். சின்னாளபட்டிச் சேலையைச் சொல்லாமல் விட்டால் வீட்டிலுள்ள ஸ்திரீகள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். இக்காலத்து இளைஞர்களைக் கேட்டாலோ, பிரியாணியைத் தவிர அந்த ஊரில் வேறு என்ன உண்டு என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்!

இத்தனை பெருமைகளையும் அடுக்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மறந்து போகிறார்கள். தமிழ்நாட்டின் ஈடு இணையற்ற நடிகர் ஒருவர் முதன்முதலாக முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு பேர் சொல்லும்படியான ஒரு வேஷத்தில் மேடையேறியது இந்தத் திண்டுக்கல்லில்தான். அப்போது அவருக்குப் பத்து வயது கூட நிரம்பவில்லை. அவர் ஏற்ற வேஷம் ராஜாவும் அல்ல, மந்திரியும் அல்ல; ஜனகன் மகள் சீதை.

அவர் வேறு யாருமல்ல. பிற்காலத்தில் 'நடிகர் திலகம்' என்று நாடெங்கும் கொண்டாடப்பட்ட சிவாஜி கணேசன்தான்.

சமீபத்தில் ஒரு நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பாக, திண்டுக்கல் மலைக்கோட்டையின் படிகளில் ஏறினோம். மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ல் அடிகோலிய கோட்டை அது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அதைப் பலப்படுத்தினார்கள். 1790-ல் கும்பெனிப் படை அதைப் பிடித்தது. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை முழுவதும் வெள்ளையர் வசமாயிற்று. உச்சியில் நின்று பார்த்தால் மேற்கே பழனி மலைத் தொடர் நீலக்கோடாகத் தெரிகிறது. தெற்கே சிறுமலை எழும்பி நிற்கிறது. இடையே பரந்து கிடக்கும் சமவெளி. காலடியில் ஊர் விழித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூரைகளின் நடுவே எந்த மூலையில் அன்றைய நாடகக் கொட்டகை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். கொட்டகை என்பது கீற்றும் மூங்கிலுமாக எழும்பி, கம்பெனி ஊரைவிட்டுப் புறப்படும்போது பிரிந்து போவது. கோட்டையைப் போல் அது கல்லில் நிற்பதில்லை. ஆனால் அதில் நடந்த காரியம் மட்டும் நின்றுவிட்டது!

தந்தை சிறையில், மகன் தொட்டிலில்

கணேசன் பிறந்தது விழுப்புரத்தில், 1928-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி. தந்தை சின்னையா மன்றாயர். தாயார் ராஜாமணி அம்மாள். தந்தையார் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். தேச விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தவர். தாம் பிறந்த அன்றே தந்தை கைதானார் என்று கணேசன் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். தந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கே அந்தக் குழந்தை சில வருஷங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் குடும்பம் திருச்சிக்குப் பெயர்ந்து, சங்கிலியாண்டபுரத்தில் குடியேறியது.

அங்கே ஓர் இரவு, கம்பளத்தார் ஆடும் கட்டபொம்மன் கூத்து நடந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நிற்பதற்குச் சில சிறுவர்கள் தேவைப்பட்டனர். கூத்துக்காரர்கள் கூட்டத்திலிருந்து பையன்களை அழைத்தார்கள். கணேசனும் ஓடிப்போய் நின்றுகொண்டான். பட்டாளத்தில் ஒருவனாக நிற்பதற்கு வசனம் ஏது, பாட்டு ஏது? ஆயினும் அதுவே அவன் ஏறிய முதல் மேடை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தந்தையார் இதைக் கண்டார். வீட்டுக்கு வந்ததும் பையனுக்கு நல்ல பூசை கிடைத்தது. வெள்ளையனை எதிர்த்துச் சிறை சென்று வந்தவர் வீட்டுப் பிள்ளை வெள்ளையன் பட்டாளத்தில் சேர்வதா? கூத்தில் என்றாலும் அவருக்கு அது பொறுக்கவில்லை!

அடி வாங்கிய பையன் அன்றைக்கு ஒரு தீர்மானம் செய்துகொண்டான். நடிகனாகவே ஆகிவிடுவது, அதிலும் கட்டபொம்மனாக ஒரு நாள் மேடையில் நிற்பது என்று. சிறு பிள்ளைகளின் தீர்மானங்கள் பெரும்பாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டோடு கரைந்துவிடும். இந்தத் தீர்மானம் கரையவில்லை.

"நான் அநாதை"

அச்சமயம் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பால கான சபா திருச்சியில் முகாம் போட்டிருந்தது. கணேசன் அங்கே போய் நின்றான். தாய் தந்தையர் யார் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தினால், தான் அநாதை என்று சொல்லிவிட்டான். பாடச் சொன்னார்கள், பாடினான். சேர்த்துக்கொண்டார்கள். சில நாட்களுக்கெல்லாம் கம்பெனி திருச்சியை விட்டுப் புறப்பட்டுத் திண்டுக்கல் வந்து சேர்ந்தது.

பெற்றவர்கள் உயிரோடிருக்க, அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்த பையன் இந்த மலையடிவாரத்தில் வந்து இறங்கிய காட்சியை நினைத்தால் நம் மனம் ஒரு கணம் கலங்குகிறது. அப்போது அவனுக்குத் தெரியாத ஒன்று நமக்கு இப்போது தெரிகிறது: பிறருடைய பெயர்களைத் தாங்கப் போகிறவன், தன் பெயரையும் குலத்தையும் முதலில் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

திண்டுக்கல்லில் அவனுக்கு வாத்தியாராக அமைந்தவர் சின்ன பொன்னுசாமிப் படையாட்சி. பாட்டு, வசனம், அபிநயம், நடை எல்லாவற்றையும் அவரிடமே பயின்றதாகக் கணேசன் பிற்காலத்தில் நன்றியோடு குறிப்பிட்டார். ராமாயண நாடகத்தில் சீதை வேஷம் கொடுக்கப்பட்டது. பிறகு அதே ராமாயணத்தில் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்று சீதையாகக் கண்ணீர் விட்டவன் நாளை சூர்ப்பனகையாகக் குழைய வேண்டும். அதற்கு அடுத்த வாரம் இந்திரஜித்தாகக் கர்ஜிக்க வேண்டும். ஒரே கதையைப் பல பேருடைய நெஞ்சுக்குள் நின்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா?

பாய்ஸ் கம்பெனி

இந்த நாடகக் கம்பெனிகளைப் பற்றி இளம் தலைமுறையினருக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். அதன் பிறகு தமிழ்நாடெங்கும் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் சபைகள் பெருகின. ஜனங்கள் இவற்றை 'பாய்ஸ் கம்பெனி' என்று அழைத்தார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் சுவாமிகளின் சபையில் வளர்ந்தவர்கள். பி. யு. சின்னப்பாவும் எம். ஜி. ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர்கள். பிற்காலத்துத் தமிழ் சினிமாவின் பெரிய பெயர்களில் பாதி, இந்தச் சபைகளின் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பெயர்கள்தான்.

கம்பெனிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில் தங்குவார்கள். விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் சுருதி வைத்ததும் சாதகம் தொடங்கும். பிறகு வாத்தியார் வாயால் சொல்லச் சொல்ல, பாடத்தை வரிவரியாக உருப்போட வேண்டும். தன் வேஷத்தின் வசனம் மட்டும் தெரிந்தால் போதாது. எதிரில் நிற்பவனுடைய வசனமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவன் அதே இரவில் அந்த வேஷத்தைக் கட்டியாக வேண்டும் அல்லவா? தவறினால் பிரம்பு பேசும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசியில் தரை டிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் வசனத்தின் கடைசி எழுத்து போய்ச் சேர வேண்டும். சேரவில்லையானால் அங்கிருந்தே குரல் கிளம்பும்!

இந்தப் பயிற்சியைக் 'குருகுலம்' என்று புகழ்ந்து எழுதுவது வழக்கம். நாமும் அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் உண்மையின் மற்றொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெற்றோரை விட்டுப் பிரிந்து, இரவெல்லாம் கண் விழித்து, அடியும் பசியும் பட்டு வளர்ந்த குழந்தைகள் இவர்கள். கணேசன் வருஷக்கணக்கில் வீட்டுப் பக்கம் போக இயலவில்லை. இன்று ஏழெட்டு வயதுப் பையனை இப்படி ஒருவர் வேலை வாங்கினால் சட்டம் சும்மா விடாது, விடவும் கூடாது. நூறு பிள்ளைகள் இந்த வாழ்க்கையில் புகுந்தால் கணேசனைப் போல் ஒருவர் ஒளி பெற்றார். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாதித்தவனைக் கொண்டாடும்போது, அவனோடு அதே பாயில் படுத்துறங்கி, பேரில்லாமல் போன பிள்ளைகளையும் ஒரு கணம் நினைப்பது நம் கடமை.

மகரக்கட்டு உடைந்த பிறகு

ஸ்திரீ பார்ட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கண்டம் உண்டு. அதுதான் குரல் மாறும் பருவம். 'மகரக்கட்டு' என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். அதுவரை குயிலாகப் பாடியவன் ஒரு நாள் காலை எழுந்தால் தகர டப்பாவில் கல் உருட்டினாற்போல் பேசுவான். அத்துடன் பல பேருடைய நாடக வாழ்வு முடிந்துவிடும்; சமையலறையிலோ படுதா இழுக்கும் கயிற்றடியிலோதான் பின்னர் அவர்களைக் காணலாம்.

கணேசனுக்கும் அந்தப் பருவம் வந்தது. ஆனால் அவனுடைய நடிப்பு குரலை மட்டும் நம்பியிருக்கவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறி, ஊருக்கு ஊர் அலைந்து, சிறு வேஷம் பெரு வேஷம் எல்லாம் கட்டினார். 1940-களின் நடுவில், சி. என். அண்ணாதுரை எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' என்ற நாடகத்தில் மராட்டிய வீரன் சிவாஜியாக நடிக்கும் வாய்ப்பு வந்தது. எம். ஜி. ராமச்சந்திரன் ஏற்பதாயிருந்த வேஷம் அது. அவர் நடிக்கவில்லை, கணேசன் நடித்தார். நாடகத்தைப் பார்த்த ஈ. வெ. ரா. பெரியார், "இனி இவர் சிவாஜி" என்னும் கருத்துப்படப் பாராட்டினார். அன்று முதல் வி. சி. கணேசன் சிவாஜி கணேசன் ஆனார். கதையில் வந்த பெயர் ஆளின் பெயராகவே ஒட்டிக்கொண்டது!

ஆனாலும் அவரை வெள்ளித்திரைக்கு இழுத்தது சிவாஜி வேஷம் அல்ல; ஒரு ஸ்திரீ வேஷம். சக்தி நாடக சபாவில் அவர் நூர்ஜஹானாக நடித்ததை வேலூர் பி. ஏ. பெருமாள் முதலியார் பார்த்தார். அந்த முகமும் கண்ணும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. தாம் எடுக்கவிருந்த 'பராசக்தி' படத்துக்கு இவரே கதாநாயகன் என்று முடிவு செய்தார். படத்தயாரிப்பில் பங்கு கொண்ட ஏ. வி. மெய்யப்பச் செட்டியாருக்கு இந்த ஒல்லிப் பையனிடம் நம்பிக்கை ஏற்படவில்லை. வேறு பிரபல நடிகரைப் போடலாம் என்று அபிப்பிராயப்பட்டார். பெருமாள் முதலியார் பிடித்த பிடியை விடவில்லை. மு. கருணாநிதி வசனம் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்ய, 1952-ஆம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி, தீபாவளியன்று, 'பராசக்தி' வெளிவந்தது. அன்று மாலைக்குள் தமிழ்நாடு ஒரு புதிய குரலை அறிந்துகொண்டது.

அந்த நன்றியை அவர் கடைசி வரை மறக்கவில்லை. எத்தனை உயர்ந்த பிறகும் பொங்கல்தோறும் வேலூருக்குச் சென்று, பெருமாள் முதலியார் வீட்டில் புத்தாடை வைத்து வணங்கி வருவது அவர் வழக்கம். இது எந்தப் படத்தின் கதையும் அல்ல. ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும்போது இதை விடுவது நியாயமாகாது.

திண்டுக்கல்லில் தொடங்கிய சீதைக்கும், பெருமாள் முதலியார் கண்ட நூர்ஜஹானுக்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பெண்ணின் துயரத்தை உள்ளே வாங்கி வெளிக்காட்டப் பழகிய ஆண்மகன், பிறகு எந்த ஆணாக நடித்தாலும் அழுவதற்கு வெட்கப்படவில்லை. 'பாசமலர்' படத்தில் தங்கைக்காக உருகும் அண்ணனைப் பார்த்துக் கொட்டகைகளில் ஆண்களும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே, அந்த வித்தையின் முதல் பாடம் சீதையிடம் படித்ததுதான்.

கட்டபொம்மன் மறுபடியும்

சங்கிலியாண்டபுரத்துச் சிறுவனின் தீர்மானத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருபது வருஷங்களுக்குப் பின் அது நிறைவேறிற்று. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957-ல் சேலத்தில் அரங்கேற்றியது. ஊர் ஊராக அது நடந்தது. வசூல் கல்விச் சாலைகளுக்கும் தர்ம காரியங்களுக்கும் போயிற்று. பிறகு பி. ஆர். பந்துலு அதை வர்ணப்படமாக எடுத்து 1959-ல் வெளியிட்டார். 1960-ல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசும், ஜி. ராமநாதனுக்குச் சிறந்த இசைக்கான பரிசும் கிடைத்தன.

ஜாக்ஸன் துரையின் முன்னால் கட்டபொம்மன் நின்று முழங்கும் காட்சியை அறியாத தமிழ் வீடு ஏது? பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் அட்டைக் கத்தியும் ஒட்டு மீசையுமாக அந்த வசனத்தை முழங்காத பையன் ஏது? ஆனால் ஒன்று: அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமியின் பேனாவில் பிறந்தது; சரித்திரக் குறிப்பில் இருப்பதல்ல. கட்டபொம்மன் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்ஸனைச் சந்தித்தது 1798-ஆம் வருஷம் செப்டம்பரில். கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-ந் தேதி. இவ்விரண்டுக்கும் இடையே என்ன பேசினான் என்பதை நாம் அறிவது கொஞ்சம். சிவாஜி பேசியதை அறிவதோ ஏராளம். இன்று கட்டபொம்மன் என்றால் சிவாஜியின் முகந்தான் மனக்கண்முன் நிற்கிறது. 1970-ல் கயத்தாற்றில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி அந்த வீரனுக்குச் சிலை எழுப்பியவரும் அவரேதான். வேஷத்தைக் கலைத்த பிறகும் கடனைத் தீர்க்க வேண்டும் என்று எண்ணிய நடிகர்கள் எத்தனை பேர்?

மிகை நடிப்பா?

1962-ல் அமெரிக்க அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் சிவாஜி அந்நாட்டுக்குப் பிரயாணம் செய்தார். நயாகரா நகரத்தார் அவரை ஒரு நாள் கௌரவ மேயராக்கி மகிழ்ந்தார்கள். அந்தப் பிரயாணத்தில் அவர் மார்லன் பிராண்டோ என்ற புகழ்பெற்ற நடிகரையும் சந்தித்தார். இருவரும் அவரவர் தேசத்தில் ஒப்பற்றவர்கள். இருவர் கற்ற முறையோ நேர் விரோதமானது.

பிராண்டோ நியூயார்க்கில் ஸ்டெல்லா ஆட்லர் என்ற அம்மையாரிடம் பயின்றவர். காமிரா முகத்துக்கு அருகில் வந்து நிற்கும். முணுமுணுத்தாலும் மைக் பிடித்துக்கொள்ளும். கண்ணிமை அசைந்தால் போதும். நம்முடைய சிவாஜியோ கொட்டகையின் கடைசி வரிசைக்காக நடிக்கக் கற்றவர். காஸ் விளக்கின் ஒளியில், நூறடி தூரத்தில் இருப்பவனுக்கும் கோபம் கோபமாகவும் சோகம் சோகமாகவும் தெரிய வேண்டுமானால், உதடு மட்டும் துடித்தால் போதுமா? உடம்பு முழுவதும் துடிக்க வேண்டும்.

ஆகவே, "அவருடையது மிகை நடிப்பு" என்று சிலர் சொல்லும்போது நாம் சண்டைக்குப் போவதில்லை. வாஸ்தவந்தான், சில படங்களில் அளவு மிஞ்சியதும் உண்டு. ஆனால் அது கற்றுக்கொள்ளாதவன் செய்த பிழையல்ல. வேறொரு கலையை நன்றாகக் கற்றவன் கொண்டுவந்த சீதனம். 'நவராத்திரி'யில் ஒன்பது வேஷங்களில் ஒன்றாகத் தெருக்கூத்துக்காரனாக வருகிறாரே, 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் நாடக நடிகனாகவே வந்து பகத்சிங் வேஷம் கட்டுகிறாரே, அங்கெல்லாம் அந்தச் சீதனம் தன் சொந்த வீட்டில் நிற்கிறது. வேண்டும்போது அடக்கிக் காட்டவும் அவருக்குத் தெரியும். 1985-ல் வந்த 'முதல் மரியாதை'யில், பாரதிராஜா அவரை ஒரு கிராமத்துப் பெரியவராகச் சும்மா உட்காரவைத்தார். அந்த மௌனத்தில் எத்தனை வருஷத்து வசனம் அடங்கிக் கிடந்தது! அடக்குவதற்கு உள்ளே ஏதேனும் இருந்தால்தானே அடக்க முடியும்?

பத்மஸ்ரீ 1966-ல் வந்தது, பத்மபூஷண் 1984-ல், பிரெஞ்சு தேசத்தின் செவாலியே விருது 1995-ல், தாதா சாகேப் பால்கே விருது அதற்கு அடுத்து. சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2001-ஆம் வருஷம் ஜூலை 21-ந் தேதி சென்னையில் காலமானார். இன்று டெலிவிஷன் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை அவருடைய படம் ஓடும்போது, தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். தாத்தா வசனத்தை முந்திக்கொண்டு சொல்கிறார். பேரன் முதலில் சிரிக்கிறான். பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்கிறான்.

திண்டுக்கல் சீமைக்கு ஒரு பாக்கி

மலைக்கோட்டையின் உச்சிக்கு மறுபடியும் வருவோம். அங்கே நின்றபோது நம் மனத்தை ஒரு விஷயம் உறுத்தியது.

சினிமாவில் கட்டபொம்மன் கதை கயத்தாற்றுப் புளியமரத்தோடு முடிந்துவிடுகிறது. சரித்திரத்தில் அது அங்கே முடியவில்லை. இந்தத் திண்டுக்கல் சமவெளிக்கு வந்துதான் முடிந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து போன பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் எழுப்பிப் போராடினான். மே மாதத்தில் அது வீழ்ந்தது. சிவகங்கைக்குப் போனான், மருது சகோதரர்களோடு சேர்ந்து போர் நீடித்தது. அதுவும் முறிந்த பிறகு திண்டுக்கல் பக்கம் வந்தான். வத்தலக்குண்டில் பிடிபட்டான். நவம்பர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

ஊமைத்துரை இந்தப் பக்கம் ஏன் வந்தான்? இங்கே ஏற்கனவே ஒரு நெருப்பு எரிந்ததனால்தான். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், சுற்றுப்புறத்துப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டித் திண்டுக்கல் கூட்டணியை அமைத்தவர். சிவகங்கையை இழந்த ராணி வேலு நாச்சியார் வருஷக்கணக்கில் அடைக்கலம் புகுந்திருந்ததும் அவருடைய விருப்பாட்சியில்தான். தெற்கே பாஞ்சாலங்குறிச்சியும் கிழக்கே சிவகங்கையும் தனித்தனியே எரியாமல் ஒரே நெருப்பாக எரிய வேண்டும் என்று பாடுபட்டவர்களில் அவர் முதல் வரிசையில் நின்றவர். 1801-ல் கும்பெனியார் அவரைப் பிடித்துத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். விருப்பாட்சியில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் வெளியூர்ப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனை நிறுத்தி, "கோபால நாயக்கரைத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவன் தலையசைத்தால் அதிகம்.

ஏன்? வீரத்தில் குறையா? தியாகத்தில் குறையா? இல்லை. கட்டபொம்மனுக்கு முதலில் கம்பளத்தார் கூத்து கிடைத்தது. பிறகு சக்தி கிருஷ்ணசாமியின் பேனா கிடைத்தது. அதற்கும் மேலாகச் சிவாஜி கணேசனின் குரல் கிடைத்தது. கோபால நாயக்கருக்கு அப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நடிப்பு என்பது பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும். ஒரு நடிகன் தன் உடம்பை இறந்தவனுக்கு இரவல் கொடுக்கிறான். இரவல் கிடைத்தவன் மறுபடியும் நடமாடுகிறான். கிடைக்காதவன் ஏட்டுக்குள் உறங்குகிறான். அந்த இரவலில் ஆபத்தும் இல்லாமலில்லை. நடிகனின் முகம் வீரனின் முகத்தை மறைத்துவிடலாம்; எழுத்தாளனின் வசனம் சரித்திரமாகிவிடலாம். ஆயினும், முழுவதும் மறந்து போவதைவிட இந்த ஆபத்து மேல் என்றே நமக்குத் தோன்றுகிறது. வசனத்தைக் கேட்டு ரத்தம் சூடேறிய பையன், பிறகு ஒரு நாள் புத்தகத்தைத் திறந்து உண்மையைத் தேடக்கூடும். வசனத்தையே கேட்காத பையன் எதைத் தேடுவான்?

திண்டுக்கல்லிலும் சுற்றுப்புறத்திலும் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இன்று பஞ்சமில்லை. வருஷா வருஷம் ஆண்டு விழா நடக்கிறது. மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, ஒட்டு மீசையும் இருக்கிறது. அந்த மேடைகளில் ஒன்றில் கோபால நாயக்கரும், வத்தலக்குண்டில் வளைக்கப்பட்ட ஊமைத்துரையும் வந்து நின்றால் என்ன? சரித்திர ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஒரு மாதம் உட்கார்ந்தால் நாடகம் தயாராகிவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதற்காக வீட்டை விட்டு ஓடி வர வேண்டியதில்லை. அநாதை என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. பிரம்படி பட வேண்டியதில்லை. மாலையில் ஒத்திகை முடிந்ததும் அம்மா கையால் சாப்பிட வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு பாக்கியம் சீதை வேஷம் கட்டிய சிறுவனுக்குக் கிடைக்காமல் போயிற்று.

மலையிலிருந்து இறங்கி வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அடிவாரத்துத் தெருவில் இரண்டு சிறுவர்கள் குச்சிகளை வைத்துக்கொண்டு வாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கட்டபொம்மன் என்பது அவன் முழங்கிய முழக்கத்திலிருந்து தெரிந்தது. மற்றவன் வெள்ளைக்காரனாக நிற்க முகம் சுளித்தான். "நான் மட்டும் எப்போதும் துரையா? எனக்கும் ஒரு ராஜா வேஷம் கொடு!" என்று வாதாடினான்.

அவன் கேட்டது நியாயந்தானே? அவன் ஊரிலேயே ஒருவர் காத்திருக்கிறார். பெயர் மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் அருகில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.